காலியில் இறங்கிய கர்னல்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கர்னல் ஹென்றி ஆல்காட், 1880 மே 17 அன்று இலங்கையின் காலித் துறைமுகத்தில் வந்திறங்கினார். சில நாட்களில் அங்குள்ள விகாரையில், பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிமொழிகளான பஞ்சசீலத்தை ஏற்றார். பிரிட்டிஷ் ஆட்சியில் பௌத்தம் ஒடுங்கிக் கிடந்த காலம் அது. ஆளும் இனத்தாரின் சாயல்கொண்ட ஒரு வெள்ளையரே புத்தரை வணங்கியது சிங்கள மக்களுக்குப் பெருந்தெம்பு தந்தது. ஆயிரம் பிரசங்கம் சாதிக்காததை அந்தக் காட்சி சாதித்தது எனலாம். அந்தச் செல்வாக்கை அவர் வீணடிக்கவில்லை. 1881இல் கேள்வி பதில் வடிவில் பௌத்தப் பாடநூல் எழுதினார். இந்த வடிவம் மட்டும் கிறிஸ்தவர்களிடம் கற்றது! பௌத்தப் பள்ளிகளுக்கு ஊர் ஊராக நிதி திரட்டினார். 1884இல் லண்டன் சென்று பௌத்தர்களின் குறைகளைப் பிரிட்டிஷ் அரசிடம் முறையிட்டார். மறு ஆண்டே பௌத்தர்களின் புனித நாளான வெசாக் பௌர்ணமி இலங்கையில் விடுமுறை நாளானது. 1907இல் சென்னை அடையாறில் காலமானார். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் முன் அவருக்குச் சிலை உண்டு.