பைக்குப் பின்னால் ஒரு பேப்பர்

வயிற்று வழி டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்கிற ஒருத்தர். பை மாற்றும் முன் மின்விசிறியை நிறுத்தினார்.

"இந்தப் புழுக்கத்திலா?" என்றார் வந்த நண்பர்.

"தூசி பறக்குமே! குழாய் நேரா வயிற்றுக்குள்ள போகுது."

தினம் சுமார் 4 முறை, தடவைக்கு சுமார் 2 லிட்டர் திரவம் மாற்றணும். ஒவ்வொரு முறையும் குழாய் முனையைத் திறக்கணும். சரியாகக் கழுவாத விரல் பட்டாலே தோலிலுள்ள கிருமி உள்ளே போய்விடும். தொற்றுக்கு முக்கியக் காரணம் அதுதான். குழாய் வெளிவரும் இடம் புண்ணானாலும் வரலாம்; மலச்சிக்கல் இருந்தால் குடல் கிருமியாலும் வரலாம்.

"பக்கத்துல நியூஸ் பேப்பர் எதுக்கு?"

"வெளியேறின திரவப் பைக்குப் பின்னால பிடிப்பேன். எழுத்து தெரிஞ்சா தெளிவு. கலங்கியிருந்தா உடனே பையோட டாக்டரிடம் ஓடணும்."

"ஓடாட்டா?"

"அப்புறம் அந்தப் பேப்பர்ல என் படம்தான் வரும்!"