மருந்துக்குச் சாகாத கோரை



பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இன்று நடைபாதையும் படகு சவாரியும் இருக்கின்றன. ஆவடியைச் சுற்றிய வயல்களில் பல மனைகளாகிவிட்டன. நெல்லைப் பற்றிப் பேச இதுதானா இடம் என்று கேட்பவர்கள், இங்கிருந்து திருவள்ளூர் போகும் ரயில் தடத்தை ஒட்டியுள்ள திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தை நினைத்துக்கொள்ளலாம். டி.கே.எம். 6 நெல் ரகம் பிறந்த இடம் அது. தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகவே அந்த ரகத்தை ஐ.ஆர். 20-க்குப் பெற்றோராகச் சேர்த்தார்கள். பூச்சிக்கு மசியாத நெல்லைத் தேடிய வட்டாரத்தில், மருந்துக்கு மசியாத களையைப் பற்றி இப்போது பேசவேண்டியிருக்கிறது.

ஜபல்பூர் களை ஆராய்ச்சி இயக்ககத்தின் விஞ்ஞானிகள் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சத்தீஸ்கரிலும் கேரளத்திலும் நெல் வயல்களில் எடுத்த ‘சைப்பரஸ் டிஃபார்மிஸ்’ என்ற கோரை, பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லியைத் தெளித்தும் சாகவில்லை. இந்தக் கோரையிடம் இத்தகைய எதிர்ப்புக்கு இந்திய நெல்லில் இதுவே முதல் பதிவு. நாலைந்து வாரத்தில் பூத்து, ஒரே செடியில் ஆயிரக்கணக்கில் விதை கொட்டும் கோரை இது. தப்பிய ஒன்றிரண்டு செடிகள் போதும், சில போகங்களில் வயல் அவற்றின் வாரிசுகளுக்குச் சொந்தமாகிவிடும்.

பிஸ்பைரிபேக், செடிக்குள் ஏ.எல்.எஸ். என்ற ஒரே நொதியைத்தான் அடைக்கிறது. அந்த நொதியில் ஓர் அமினோ அமிலத்தின் இடத்தில் வேறொன்று வந்தாலே மருந்து ஒட்டாமல் போகலாம். பென்சல்ஃபியூரான், பினாக்சுலம் ஆகியவையும் தாக்குவது அதே நொதியைத்தான். கடையில் வேறு டப்பா வாங்கிய விவசாயி மருந்தை மாற்றிவிட்டதாகவே நம்புகிறார். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் வணிகப் பெயர். மருந்து எந்த வகை என்பதோ கண்ணாடி போட்டாலும் கண்ணில் படாது.

வெளிநாடுகள் இதை முன்பே பார்த்துவிட்டன. கலிஃபோர்னிய நெல்லுக்கு 1989-இல் பென்சல்ஃபியூரான் வந்தது. 1993-இலேயே இதே கோரை அதை எதிர்த்து நின்றது. இலங்கையில் குதிரைவாலிக் களை புரோப்பனில் என்ற களைக்கொல்லிக்குச் சாகாதது 1997-இல் பதிவானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெல் புரோப்பனிலைத் தாங்குவதற்குக் காரணம், அதைச் சிதைக்கும் ஒரு நொதி. எதிர்ப்புப் பெற்ற குதிரைவாலி இனம் ஒன்றை ஆராய்ந்தபோது, அதனிடமும் அதே வகை நொதி மிகுதியாக இருந்தது!

அரியானாவின் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கோதுமையில் ‘குல்லி தண்டா’ என்ற புல், ஆண்டாண்டாகத் தெளித்த ஐசோபுரோட்டியூரானுக்கு 1990-களின் தொடக்கத்தில் சாகாமல் நின்றது. வேறு மருந்துகள் வந்தன. பின்னாளில் அவற்றுக்கும் அது பழகிக்கொண்டது. அங்கே கைகொடுத்தவற்றில் ஒன்று, உழாமல் விதைக்கும் முறை. மருந்துக் கடையில் கிடைக்காத பரிகாரம் என்பதைக் கவனிக்கவேண்டும்.

களையெடுக்க ஆள் கிடைக்காததும், கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாததும்தான் தமிழ்நாட்டு விவசாயியை மருந்துக்குத் தள்ளின. அவரைக் குறை சொல்வது எளிது, நியாயமில்லை. நடவு வயலில் நாற்று களைக்கு முந்திக்கொள்கிறது, தேங்கிய நீரும் பல களை விதைகளை முளைக்கவிடாது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துப் புழுதி விதைப்பில் இரண்டு காவலும் கிடையாது. நெல்லும் களையும் சேர்ந்தே முளைக்கின்றன.

ஆனால் களை சாகாததெல்லாம் எதிர்ப்பாற்றல் ஆகிவிடாது. வயல் நீரை வடிக்காமல் பிஸ்பைரிபேக் அடித்தால் இலையில் மருந்து படாது. மூன்று நான்கு இலைப் பருவம் தாண்டினால் களை பிழைத்துக்கொள்ளும். இவற்றைச் சரிபார்க்காமல் அளவை இரட்டிப்பாக்குவது பணத்துக்கும் நெல்லுக்கும் கேடு. எல்லாம் முறையாகச் செய்தும் மற்ற களைகள் மடிந்து, ஒரே இனம் மட்டும் திட்டுத்திட்டாய்ப் பசுமையாக நின்றால் சந்தேகப்படலாம். அப்போது அதன் விதையைச் சேகரித்துத் தொட்டியில் முளைக்கவைத்து, பல அளவுகளில் தெளித்துப் பார்க்கவேண்டும். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களால் முடியும்.

களை மேலாண்மை பற்றிய கட்டுரைகள் இந்தக் கருத்தரங்கில் பிற்பகலில் வருகின்றன. முளைக்கும் முன் பிரெட்டிலாகுளோர், பிறகு தேவைப்பட்டால் மட்டும் வேறு வகை மருந்து; விதைப்புக்கு முன் களையை முளைக்கவிட்டு அழிப்பது; வரிசை நடவில் கோனோ வீடர் என்ற களையெடுக்கும் கருவி; நெல்லுக்குப் பின் உளுந்து. தப்பி நிற்கும் செடியைப் பூக்கும் முன் கையால் பிடுங்குவதற்கு இவற்றில் எதுவும் மாற்றில்லை.

காலை அமர்வில் ஒரே தீர்மானத்தை முன்வைக்கலாம்: வேளாண் துறையின் பரிந்துரைகளில் ஒவ்வொரு களைக்கொல்லிப் பெயருக்கும் எதிரே அது தாக்கும் வகையைத் தமிழில், எண்ணிட்டு அச்சிடவேண்டும். கடைக்காரரும் விவசாயியும் எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்வார்கள். இதன் வரைவு அவையோரின் திருத்தங்களுக்காக வைக்கப்பட்டிருக்கிறது.