சோறு வேகாத ஊர்

தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அரை மணி நேரமாகியும் அரிசி வேகவில்லை. இப்படியும் ஓர் ஊர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டு அரசாங்கம் நடைபெறும் லா பாஸ் நகரம்தான் அது. ஸ்பானிய மொழி பயில அங்கே சென்ற நாங்கள் இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். முதல் சில நாட்களில் நாங்கள் கண்டதையும் பட்டதையும் சொல்கிறோம்.

கேமரன் மலையில் தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கே நாம் கம்பளிச் சட்டை தேடுகிறோம். லா பாஸ் நகரமோ 3,600 மீட்டர். விமானம் இறங்கும் எல் ஆல்ட்டோ அதற்கும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டியது. நம் கினபாலு மலையின் உச்சியே 4,095 மீட்டர்தான். அதன்மேல் ஏறுகிறவர்கள் வழியில் ஓர் இரவு தங்கி ஏறுவது வழக்கம். நாங்களோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவ்வளவு உயரத்தில் போய் இறங்கினோம். அங்கேதான் வினை தொடங்கியது.

மலைக்காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. நூற்றுக்கு 21 பங்கு என்பது அங்கும் மாறுவதில்லை. காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. லா பாஸில் அது கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைந்து விடுகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீரும் 100 பாகை வரை சூடேறாமல் 88 பாகை அளவிலேயே கொதித்து விடும். அந்தச் சூட்டில் அரிசி வேக நெடுநேரம் ஆகும்.

இது தெரியாமல் எங்களில் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"அம்மா, சோறு வேகலைம்மா."

"தண்ணி கொதிச்சுச்சாடா?"

"நல்லாக் கொதிச்சுச்சும்மா."

"அப்புறம் எப்படிடா வேகாமப் போகும்? அரிசி பழசா இருக்கும்!"

அரிசியின்மேல் பழி போட்டாயிற்று. வீட்டுக்கார அம்மாள் சிரித்துவிட்டு பிரஷர் குக்கரை எடுத்துத் தந்தார்.

நகரம் ஒரு பெரிய கிண்ணம் போன்றது. நம் தோட்டங்களில் துரை பங்களா மேட்டிலும் லயங்கள் கீழேயும் இருக்கக் கண்டோம். அங்கே தலைகீழ். வசதியுள்ளவர்கள் குளிர் குறைந்த, காற்று அடர்ந்த பள்ளத்தில் வாழ்கிறார்கள். உழைப்பாளிகளில் பலருக்கு மேட்டு எல் ஆல்ட்டோதான் வீடு. 2014இல் ஓடத் தொடங்கிய கம்பிவடப் பெட்டிகள் இரண்டையும் இணைக்கின்றன. சந்தையில் ஐமாரா இனத்துப் பெண்கள் வட்டத் தொப்பியும் கொசுவப் பாவாடையும் அணிந்து உருளைக்கிழங்கு விற்கிறார்கள். கிழங்கை இரவுப் பனியில் உறைய விட்டு, காலால் மிதித்து நீர் போக்கி, வெயிலில் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாதாம். நம் கருவாட்டு நினைவுதான் வந்தது.

வந்த இரவே எங்கள் இருவருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. மலைநோயாகிய இதை அவ்வூரார் சொரோச்சே என்பார்கள். ஓய்வெடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் தணிந்து விடும். கொக்கா இலைத் தேநீர் கொடுத்தார்கள்; அங்கே அது சட்டப்படியானது, ஆனால் நினைவுப்பொருளாகக்கூட நம் நாட்டுக்குக் கொண்டு வரக்கூடாது.

எங்களில் ஒருவர் படுத்து ஓய்ந்தார். மற்றவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று வகுப்புக்குப் படியேறிப் போனார். மூன்றாம் நாள் இரவு, உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. நடக்கையில் கால் தள்ளாடியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. இவை ஆபத்தான அறிகுறிகள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே கீழே இறங்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கார அம்மாள் அதை அறிந்திருந்தார். மருத்துவர் வந்து பிராணவாயு கொடுத்தார். விடியுமுன்னே அவரைக் காப்பியும் ஆரஞ்சும் விளையும் தாழ்ந்த மலைச்சாரலுக்குக் கொண்டு போனோம். இறங்க இறங்கத் தெளிவு திரும்பியது.

"ஏன் மறைத்தாய்?" என்று கேட்டோம்.

"கடன் வாங்கி அனுப்பினார் அப்பா. வந்ததும் வராததுமாகப் படுத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது?"

காய்ச்சலோடும் பெரட்டுக்குப் போன தகப்பனின் பிள்ளை வேறு எப்படிப் பேசுவார்? ஆனால் மலைநோய் ஆளின் உறுதியைப் பார்த்து வருவதில்லை, பலசாலிக்கும் வரும்.

அவர் அப்பாவுக்குச் செய்தி சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "தலைவலின்னு மொத நாளே சொல்லியிருக்கலாமே தம்பி. கடனை நான் பாத்துக்க மாட்டேனா?"

மருத்துவர் அனுமதித்த பிறகு, இம்முறை வழியில் தங்கித் தங்கி, லா பாஸுக்குத் திரும்பினோம். அன்றிரவு குக்கரில் சோறு பூப்போல வெந்திருந்தது.