மூணு கிலோவும் முந்நூறு கிராமும்



நடுவர் ஐயா, நீங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. நான் எழுந்து வந்து இந்த மைக்கைப் பிடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேர் கைதட்டி முடிச்சுட்டாங்க. காரணம், என் வலது கால். ரெண்டு வயசுல இளம்பிள்ளை வாதம். இடுப்புக்குக் கீழ ஒரு காலிப்பர் மாட்டியிருக்கேன். அனுதாபத்துக்காகச் சொல்லலை ஐயா. இன்னைக்குத் தலைப்புக்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தம் இருக்கு, அதனால சொல்றேன்.

தலைப்பு என்ன? "இன்றைய பிள்ளைகள் கொண்டாட வேண்டியது திரையில் தெரிபவர்களையா, திரைக்குப் பின்னால் உழைப்பவர்களையா?" எனக்கு முன்னால பேசின தங்கச்சி அழகாச் சொன்னாங்க: "நாள் முழுக்க உழைச்சு அலுத்து வர்றவங்களுக்கு ரெண்டரை மணி நேரம் சந்தோஷம் குடுக்கிறாங்களே, அது போதாதா?" ஒத்துக்கறேன். நானும் படம் பார்க்கிறவன்தான். விசில் அடிக்கத் தெரியாத அம்பத்தூர்க்காரன் உண்டா? (சிரிப்பு) ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு தங்கச்சி. அவங்க நம்ம பாரத்தை ரெண்டரை மணி நேரம் மறக்க வைக்கிறாங்க. நான் சொல்லப் போறவங்க அந்தப் பாரத்தையே குறைச்சவங்க. (கைதட்டல்)

எங்க அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில லேத் ஓட்டினவர். நானும் அதே தொழில்தான். சின்னதா ஒரு ஒர்க் ஷாப், ரெண்டு லேத். நான் சின்னப் பையனா இருக்கும்போது எனக்கு மாட்டின காலிப்பர் இரும்புக் கம்பியும் தோல் பட்டையும். எடை கிட்டத்தட்ட மூணு கிலோ. ஓ.டி. பக்கத்துல இருந்த பள்ளிக்கூடத்துக்கு அதை இழுத்துக்கிட்டே போகணும். மழை பெஞ்சா தோல் ஊறி இன்னும் கனக்கும். பாதி நாள் அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவார். ஒரு கையில நான், ஒரு கையில அவரோட டிபன் கேரியர். நடுவர் ஐயா, மூணு கிலோ அரிசின்னா லேசு. அதையே ஏழு வயசுப் பையன் காலோட கட்டிவிட்டா அது மலை.

அப்போ ஹைதராபாத்துல ஒரு மனிதர் இருந்தார். ராமேஸ்வரத்துல பிறந்தவர். நாட்டுக்கு ஏவுகணை செஞ்சுக்கிட்டிருந்தார். 1989 மே 22-ம் தேதி அக்னி ஏவுகணை பறந்ததே, அந்தத் திட்டத்தின் தலைவர், நம்ம அப்துல் கலாம் ஐயா. ஏவுகணைக்கு என்ன வேணும்? லேசா இருக்கணும், ஆனா உறுதியா இருக்கணும். இரும்புல செஞ்சா கனக்கும். அதனால நாரையும் பிசினையும் சேர்த்து இறுக்கிச் செய்யற கலப்புப் பொருள்களை உருவாக்கினாங்க. நம்ம வீட்ல மண் சுவர் எழுப்பும்போது வைக்கோலைக் கலந்து மிதிப்பாங்களே, அதே தத்துவம். மண்ணுக்கு மட்டும் அந்த பலம் இல்லை, வைக்கோலுக்கு மட்டும் அந்த பலம் இல்லை. ரெண்டும் சேர்ந்தா சுவரு நிக்குது.

அந்தச் சோதனைச்சாலைக்கு ஒருநாள் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்திலிருந்து ஒரு எலும்பு டாக்டர் வந்தார். அந்தப் பொருளைக் கையில தூக்கிப் பார்த்தார். அசந்துட்டார். கலாம் ஐயாவைத் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே குழந்தைகள் மூணு கிலோ காலிப்பரை இழுத்துக்கிட்டு நடந்துட்டிருந்தாங்க. மூணே வாரத்துல, அதே பொருள்ல, முந்நூறு கிராம்ல காலிப்பர் செஞ்சு குடுத்தார் கலாம் ஐயா. கனம் இல்லாம கால் எழுந்ததும் அந்தக் குழந்தைகள் ஓடினாங்க. ஏவுகணை பறந்ததைவிட அதைப் பார்த்துதான் மனசு நிறைஞ்சதுன்னு அவரே பல மேடையில சொல்லியிருக்கார். (பலத்த கைதட்டல்)

அந்த ஹைதராபாத் காலிப்பர் என் கைக்கு வரலை ஐயா. ஆனா அந்தச் செய்தி எங்க அப்பா காதுக்கு வந்தது. "லேசாக்கூடச் செய்ய முடியுமா? அப்ப என் பையனுக்கும் கிடைக்கும்"னு ஒவ்வொரு முகாமா அலைஞ்சார். கடைசியில ஒரு முகாம்ல லேசான பிளாஸ்டிக் காலிப்பர் கிடைச்சது. அன்னைக்குத்தான் என்னைத் தோள்லேர்ந்து இறக்கினார். ஒரு விஞ்ஞானி என்ன செஞ்சார்? என் காலுக்கு மட்டும் இல்லை, எங்க அப்பா தோளுக்கும் ஓய்வு குடுத்தார்!

ரெண்டாவது ஆளுக்கு வர்றேன். 2015 டிசம்பர் மழை. எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். பூந்தமல்லி பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, இந்தப் பக்கம் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி. ஏரியை நம்பி வாழ்ந்த ஊர், ஏரியைப் பார்த்துப் பயந்த வருஷம் அது. எச்சரிக்கை வந்தது. "எப்பவும் சொல்றதுதானே"ன்னு நான் கதவைப் பூட்டிட்டுப் போய்ட்டேன். காலையில ஒர்க் ஷாப்புல இடுப்பளவு தண்ணி. மோட்டார் ரெண்டும் போச்சு. ஆறு மாசம் வட்டி கட்டினேன். தப்பு மழை மேல இல்லை ஐயா. காதுல வாங்காத என் மேலதான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். அப்ப என் பொண்ணு பத்தாவது படிச்சிட்டிருந்தா. ரெண்டு நாளா டிவி முன்னாடியே உட்கார்ந்திருந்தா. "அப்பா, இந்தப் புயல் நின்னு பெய்யும்ப்பா. மோட்டாரைக் கழட்டி மேல வைப்பா"ன்னா. அதிகப்பிரசங்கின்னு திட்டினேன். அவ விடலை. சரின்னு நானும் பசங்களுமா கழட்டி பரண்ல ஏத்தினோம். டிசம்பர் 4-ம் தேதி தொழிற்பேட்டையே மிதந்தது. எத்தனையோ பட்டறையில மெஷின் முழுகிப்போச்சு. என் மோட்டார் தப்பிச்சது. (கைதட்டல்)

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டேன். "மேல இருந்து பார்க்கிறவங்க சொல்றாங்கப்பா"ன்னா. அப்பதான் அவ எனக்கு ஒரு அம்மாவைப் பத்திச் சொன்னா. பேரு வளர்மதி. அரியலூர்க்காரங்க. கோயம்புத்தூர் அரசு பொறியியல் கல்லூரியில படிச்சவங்க. 1984-ல இஸ்ரோவுல சேர்ந்தாங்க. 2012 ஏப்ரல் 26-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரிசாட்-1ன்னு ஒரு செயற்கைக்கோள் போச்சு. எடை 1,858 கிலோ. அதுக்குத் திட்ட இயக்குநர் அந்த அம்மாதான்!

அதுல என்ன விசேஷம்? சாதாரணக் கேமராவுக்கு வெளிச்சம் வேணும். ராத்திரி படம் வராது. மேகம் மறைச்சாலும் வராது. ஆனா வெள்ளம் எப்ப வரும்? மேகம் மூடியிருக்கும்போதுதானே வரும்! கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்து "ஓ"ன்னு கத்தினா எதிரொலி வருதில்ல? அந்த மாதிரி ரேடார் தன் அலையைத் தானே கீழே அனுப்பி, திரும்பி வர்றதை வெச்சுப் படம் போடும். இருட்டோ மேகமோ, அதுக்குக் கவலையே இல்லை. தேங்கி நிக்கிற தண்ணி கண்ணாடி மாதிரி அலையை வேற பக்கம் தள்ளிவிட்டுடும். அதனால படத்துல கறுப்பாத் தெரியும். எந்தெந்த ஊர் முழுகியிருக்குன்னு ராத்திரியிலேயே சொல்லிடலாம். நம்ம நாட்டிலேயே உருவான முதல் ரேடார் படச் செயற்கைக்கோள் அது. அதே வரிசையில 2022 பிப்ரவரி 14-ல இன்னொண்ணும் போச்சு. 2015-ல தமிழ்நாடு அரசு அப்துல் கலாம் விருதுன்னு ஒண்ணு தொடங்கினப்போ, அதை முதன்முதலா வாங்கினது யாரு? அரியலூர் வளர்மதி அம்மா! எதிரணி நண்பர்களே, கடைசியா வந்த ஆறு படத்தோட கதாநாயகி பேரை உங்க பிள்ளை மூச்சு விடாம சொல்லும். இந்தப் பேரைச் சொல்லுமா? (கைதட்டல்)

மூணாவது ஆளு. இவங்கதான் எங்க வீட்ல சண்டையே மூட்டினவங்க. (சிரிப்பு)

என் பொண்ணு இப்ப பிளஸ் டூ. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்சு, அப்புறம் வானிலை படிப்பேன்னா. நான் சொன்னேன்: "அதெல்லாம் வேணாம். பி.காம். படி. எஸ்டேட்லயே கணக்கு வேலை கிடைக்கும். உனக்குன்னு அஞ்சு பவுன் சேர்த்து வெச்சிருக்கேன், காலாகாலத்துல கல்யாணம்." அவ அழலை. ஒரு கேள்வி கேட்டா. "அப்பா, அன்னா மாணி தெரியுமா?"

1918-ல பீர்மேட்டுல பிறந்தவங்க. அந்தக் காலத்துல வசதியான குடும்பம். பையன்னா பெரிய உத்தியோகம், பொண்ணுன்னா கல்யாணம், இதுதான் அந்த வீட்டு வழக்கம். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு குடுத்தாங்க. அந்தக் குழந்தை "தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் குடுங்க"ன்னுது. எட்டு வயசு ஐயா! நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சு 1939-ல பட்டம் வாங்கினாங்க. பெங்களூர்ல சர் சி.வி. ராமன் ஆய்வுக்கூடத்துக்குப் போனாங்க. அங்க என்ன ஆராய்ச்சி தெரியுமா? வைரம்! காதுல போட மறுத்த வைரத்தைக் கருவியில வெச்சுப் பார்த்தாங்க. (பலத்த கைதட்டல்)

ஆராய்ச்சியை எழுதிக் குடுத்தாங்க. எம்.எஸ்ஸி. இல்லைன்னு டாக்டர் பட்டம் தரலை. அவங்க உட்கார்ந்து அழலை. லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பத்திப் படிச்சுட்டு, 1948-ல திரும்பி வந்து புனாவுல வானிலைத் துறையில சேர்ந்தாங்க. அப்ப சாதாரணக் கருவிக்குக்கூட நாம வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தோம். இந்த அம்மா கிட்டத்தட்ட நூறு வானிலைக் கருவிகளுக்கு அளவு வரைபடம் போட்டு, இங்கேயே செய்ய வெச்சாங்க. அவங்க கீழ வேலை பார்த்த ஆண்கள் நூறு பேருக்கு மேல!

இந்த இடத்துலதான் ஐயா நான் மடங்கிட்டேன். ஏன்னா அது என் பாஷை. டிராயிங், அளவு, மெஷின். ஒரு நூல் பிசகினா ஜாப் ரிஜெக்ட். தப்பா அளக்கிறதைவிட அளக்காமலே இருக்கலாம்னு அந்த அம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டாம். எங்க அப்பா வெர்னியரைக் கையில குடுத்து எனக்குச் சொன்னதும் அதையேதான்! வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவங்க சும்மா இருக்கலை. பெங்களூர்ல ஒரு பட்டறை வெச்சு, காத்து வேகத்தையும் வெயில் சக்தியையும் அளக்கிற கருவி செஞ்சாங்க. நம்ம நாட்டுல வெயில் எங்கே எவ்வளவு, காத்து எங்கே எவ்வளவுன்னு புத்தகம் புத்தகமா அளவு போட்டுக் குடுத்தாங்க. காத்தாடி எங்க நடலாம், சூரியத் தகடு எங்க வைக்கலாம்னு பார்க்கிறவங்களுக்கு அதுதான் ஆரம்பப் பாடம்.

இன்னொண்ணு சொல்றேன். 1963-ல கேரளாவுல தும்பா கடற்கரையில ராக்கெட் தளம் வந்தது. அங்க வானிலை ஆய்வுக்கூடம் அமைச்சுக் குடுத்தவங்க அன்னா மாணி. அதே தும்பாவுல அந்த வருஷம் நவம்பர் 21-ல முதல் ராக்கெட்டைப் பொருத்தி அனுப்பின சின்னக் குழுவுல ஒரு இளைஞர் இருந்தார். யாரு? கலாம் ஐயா! பின்னால அவர் பேர்ல வந்த முதல் விருதை வாங்கினவங்க வளர்மதி அம்மா. ஒரே கயிறு ஐயா, மூணு முடிச்சு.

அந்த அம்மா 2001-ல போய்ச் சேர்ந்துட்டாங்க. இத்தனை வருஷம் கழிச்சு அவங்க பேரை அம்பத்தூர்ல ஒரு லேத்துக்காரன் வீட்டுக்குக் கொண்டு வந்தது, பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு.

எதிரணியில ஒரு ஐயா கேட்டார்: "விஞ்ஞானிகளைக் கொண்டாடணும்னு சொல்றீங்களே, எப்படிக் கொண்டாடறது? கட் அவுட் வைக்கறதா?" வேண்டாம் ஐயா. பாலாபிஷேகமும் வேண்டாம். நம்ம வீட்ல ஒரு பிள்ளை "ஏன்?"னு கேட்டா, "வாயை மூடு"ன்னு சொல்லாம இருந்தா போதும். அதுதான் கொண்டாட்டம். (கைதட்டல்)

மேடையில பேச வந்துட்டு பொய் சொல்லக் கூடாது. நேத்து ராத்திரி வரைக்கும் நான் அவளுக்குச் சரின்னு சொல்லலை. அவ கேட்டது ஒண்ணுதான். "அப்பா, அந்த அஞ்சு பவுனை ஹாஸ்டல் ஃபீஸா மாத்திக் குடுப்பா. எனக்கும் தோடு வேண்டாம்." நான் பதில் சொல்லாம திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

நடுவர்: பொண்ணு வந்திருக்காங்களா?

வந்திருக்கு ஐயா. நாலாவது வரிசை, அவங்க அம்மா பக்கத்துல.

என்னைத் தோள்ல சுமந்த அப்பா இப்ப இல்லை. அவர் என் கால்ல இருந்த மூணு கிலோவை இறக்கறதுக்காக முகாம் முகாமா அலைஞ்சார். நான் என்ன பண்ணினேன்? நல்லா நடக்கிற பொண்ணு கால்ல அஞ்சு பவுனைக் கட்டி உட்கார வைக்கப் பார்த்தேன். தங்கமா இருந்தாலும் கால்ல கட்டினா அது விலங்குதானே ஐயா?

அம்மாடி, இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். பிசிக்ஸே படிம்மா. பவுனை வித்துடலாம். உன் அம்மாகிட்ட மட்டும் நீயே பேசிக்கோ. (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)