பென்ஷன் பணத்தில் ரசீது இல்லாத பிடித்தம்

(ஆண்டுப் பொதுக்குழுவில் கூட்டமைப்பின் கணக்காளர் பேசியது)



வரவு செலவு வாசிச்சாச்சு. அடுத்து, எல்லாக் குழுவும் சேர்ந்து ஒரு தனியார் கம்பெனியின் பென்ஷன் பாலிசி எடுக்கலாம் என்று தீர்மானம் வரப்போகுது. கையெழுத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் கேளுங்க.

விளக்கம் சொல்ல வந்த தம்பி நல்லாத்தான் பேசினார். "எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு நூற்றுக்கு ரெண்டு ரூபாய்தான் கட்டணம்" என்றார். மாசம் ரெண்டு வட்டி பார்த்துப் பழகின நமக்கு அது பெரிசாத் தெரியலை.

ஆனால் குழுக் கடனில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். இங்கே தலைகீழ். அந்த வருஷம் கட்டின பணத்துக்கு மட்டுமில்லை, அதுவரை சேர்ந்த மொத்தத் தொகைக்கும் வருஷா வருஷம் பிடிப்பார்கள். தொகை ஏற ஏறப் பிடித்தமும் ஏறும். சந்தை இறங்கி நஷ்டம் வந்த வருஷத்திலும் நிற்காது. நாம் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. அதனால் வலிக்காது, ரசீதும் வராது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 வயதுப் பெண் மாசம் 500 ரூபாய் வீதம் 60 வயது வரை கட்டுகிறாள். கட்டியது 1,80,000. வருஷம் 9 சதவீதம் வளர்ந்தால் சுமார் 9,15,000 ரூபாய். (9 என்பது உதாரணம்தான், யாரும் உறுதி தரலை.) கட்டணம் போக 7 சதவீதம் நின்றால் சுமார் 6,10,000. வித்தியாசம் 3,05,000. அவள் கட்டின பணத்தைவிட அதிகம்மா! 40 வயதில் சேர்ந்தால் 3,34,000 வரவேண்டிய இடத்தில் 2,60,000.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. 2009-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் பணத்தை நிர்வகிப்பவர்களில் தனியார் கம்பெனிகள் உண்டு. அங்கே 2021-ல் வைத்த விகிதப்படி, நிதி நிர்வாகத்துக்கு வருஷம் நூறு ரூபாய்க்கு அதிகபட்சம் 9 பைசாவாக இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் சந்தை சார்ந்த பாலிசியில் இதே வேலைக்கு 1 ரூபாய் 35 பைசா வரை பிடிக்க அனுமதி இருக்கு. பாலிசி நிர்வாகச் செலவு தனி. தேசியத் திட்டத்திலும் கணக்குப் பராமரிப்புக்குத் தனியாகக் கொஞ்சம் எடுப்பார்கள். நம்மளை மாதிரி சின்னத் தொகை கட்டுகிறவர்களுக்கு அதுவும் உறைக்கும், மறைக்க மாட்டேன். அடல் பென்ஷன் சேர 18 முதல் 40 வயசுதான். நம்மில் பலர் தாண்டியாச்சு.

அதனால் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கக் கேட்கிறேன். அதுக்குள்ளே அந்தத் தம்பி எழுத்தில் தரட்டும்: 8 சதவீதம் வளர்ந்தால் பிடித்தமெல்லாம் போக எவ்வளவு நிற்கும், பாதியில் கட்ட முடியாமல் போனால் எவ்வளவு கழிப்பார்கள். தாள் வந்ததும் ஒவ்வொரு குழுவுக்கும் கால்குலேட்டரோட நானே வர்றேன்.