முகாம் பிள்ளைகளும் நம் பல்கலைக்கழகங்களும்

அகதிகளின் உயர்கல்வி குறித்துப் பேசச் சேலத்தில் கூடியிருக்கிறோம். தாரமங்கலத்தை அடுத்த பவளத்தானூரிலும், தம்மம்பட்டிப் பக்கம் நாகியம்பட்டியிலும், நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் சேரும் வயதில் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே 34,087 பேர். இந்தப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய முதல் உதவி பணமன்று, தன் சொந்த விதிகளைத் திருத்திக்கொள்வதே என்பது என் கருத்து.

இம்மக்களின் துயரம் தொடங்கிய இடங்களில் கல்வியும் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் வந்த தரப்படுத்தல் முறை, மதிப்பெண் இருந்தும் தமிழ் மாணவர்களைப் பல்கலைக்கழக வாசலில் தடுத்து நிறுத்தியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்து வந்தவர்களுக்குத் தமிழ்நாடு எண்பதுகளில் தொழிற்கல்வியில் இடம் ஒதுக்கியது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் 1991இல் அதுவும் பறிபோனது. யாரோ செய்த குற்றத்துக்குப் பள்ளி முடித்த பிள்ளை தண்டிக்கப்பட்ட அந்த ஆண்டுகளை நாம் மறக்கக் கூடாது. 2021இல் அறிவிக்கப்பட்ட 317 கோடி ரூபாய்த் திட்டம், பொறியியலில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 முகாம் மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்க வழிசெய்தது. மனமார வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் கட்டணத்துக்கு முன்னால் விண்ணப்பப் படிவம் நிற்கிறது. குடியுரிமைக் கட்டத்தில் முகாம் மாணவி ஒருத்தி ‘இந்தியர்’ என்று எழுத முடியாது. ‘வெளிநாட்டவர்’ என்று எழுதினால் கடவுச்சீட்டும் விசாவும் கேட்கப்படும். கட்டணமும் அயல்நாட்டார் கணக்கில் ஏறும். அவளோ இந்த மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள்.

குடியுரிமை டெல்லியின் அதிகாரம், பல்கலைக்கழகம் என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். முதற்பாதி உண்மை. 1987 ஜூலை 1க்குப் பின் இந்தியாவில் பிறந்ததால் மட்டும் ஒருவர் குடிமகனாகிவிட முடியாது; 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. மருத்துவச் சேர்க்கையும் நம் கையில் இல்லை. ஆனால் கலை, அறிவியல் படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும் எந்தச் சான்றை ஏற்பது, எந்தக் கட்டணம் வாங்குவது என்பவை பெரும்பாலும் நம் ஆட்சிக்குழுவும் கல்விக்குழுவும் முடிவெடுக்கக்கூடியவை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து ஒன்றிய அரசே 2025 செப்டம்பரில் விலக்களித்திருக்கிறது. உள்துறை அமைச்சகம் வற்புறுத்தாத தாளைக் கல்லூரி அலுவலகம் ஏன் வற்புறுத்த வேண்டும்? முகாம் அடையாள அட்டையை ஏற்கலாம். முகாமில் ஆள் கணக்குத் தணிக்கை நடக்கும் நாளில் வருகைப்பதிவில் விலக்குத் தரலாம். இதற்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை போதும்.

இன்னொரு மறுப்பை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். தறிக்குழியிலிருந்தும் லாரிப் பட்டறையிலிருந்தும் கோழிப்பண்ணையிலிருந்தும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைகளின் இடம் குறையாதா என்கிறார்கள். குறையக் கூடாது. ஆகவேதான் இருக்கும் இடங்களைப் பங்கிடாமல், துறைக்கு ஓர் இடம் கூடுதலாக உருவாக்க வேண்டும் என்கிறேன். 2021 கணக்கில் எல்லா வயதினரையும் சேர்த்தே 58 ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், அவர்களும் 29 மாவட்டங்களில் பரவியிருந்தார்கள். ஒரு கல்லூரிக்கு வரக்கூடியவர்கள் சிலரே. அரசு வேலை கிடைக்காதவருக்குப் பட்டம் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. பட்டம் பெற்ற பின்னும் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்பது கசப்பான உண்மைதான். அந்தக் குற்றம் பட்டத்தினுடையதன்று. நாளை இலங்கைக்குத் திரும்பினாலும் இங்கேயே குடியுரிமை பெற்றாலும் கையில் எடுத்துச் செல்ல அவர்களுக்கு இருக்கும் ஒரே சொத்து அதுதான். எனவே மேலொப்பமும் சான்று சரிபார்ப்பும் தாமதமின்றி நடக்க வேண்டும்.

மாணவரோடு ஆசிரியரையும் நினைக்க வேண்டும். 1933இல் நாஜிகள் விரட்டிய அறிஞர்களுக்காக பிரிட்டனில் வில்லியம் பெவரிட்ஜ் முதலியோர் ஓர் உதவிக் கழகமே அமைத்தார்கள். இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியை இழந்த இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன், சி.வி. ராமன் அழைப்பில் 1935இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அவருக்கு நிரந்தரப் பதவி தர ராமன் முயன்றார். சொந்த நாட்டில் விரட்டப்பட்டவர் என்பதையே குறையாகச் சொல்லிச் சக பேராசிரியர் ஒருவர் எதிர்த்தார். போர்ன் 1936இல் எடின்பரோ போனார். 1954இல் நோபல் பரிசு பெற்றார். இழப்பு போர்னுக்கன்று. இன்று ஆப்கானிஸ்தானிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வெளியேறிய ஆய்வாளர்களுக்கு ஈராண்டு வருகைதரு பதவி ஒன்றையேனும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒதுக்கலாம். ஈழத்திலிருந்து வந்து முகாமில் முதுமையடைந்த ஆசிரியர்களின் அறிவையும் வாய்மொழி வரலாற்றையும் வரலாற்றுத் துறைகள் பதிவு செய்யலாம்.

சேர்க்கை விதி, கூடுதல் இடம், வருகைதரு பதவி ஆகிய மூன்றையும் வரைவுத் தீர்மானமாக அவைமுன் வைக்கிறேன். துணைவேந்தர்கள் கையொப்பமிடத்தக்க வடிவில் அதைத் திருத்தித் தரும்படி அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.