மாம்பழ வாசனையில் வரும் போதை



குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஒரு தாயாரைச் சந்தித்தோம். பள்ளிச் சீருடையைத் துவைக்க எடுத்தபோது, மகனின் காற்சட்டைப் பையில் விரல் நீளத்தில் வண்ணப் பொருளொன்று இருந்ததாம். மாம்பழ வாசனை வீசியதாம். கணினிப் பாடத்துக்குரிய சாமான் என்றெண்ணி, "தண்ணியில பட்டிருந்தா வீணாப் போயிருக்கும், பத்திரமா வைய்யா" என்று மகனிடமே கொடுத்துவிட்டார். அது வேப். பையன் படிவம் இரண்டில் படிப்பவன். இரண்டு மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோதுதான் அம்மாவுக்கு விஷயம் விளங்கியது.

அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் நம் மூக்கே நமக்குப் போலீஸ்காரராக இருந்தது. கள்ளோ, சம்சுவோ, சிகரெட்டோ, யார் எதைத் தொட்டாலும் லயத்து வாசலில் கால் வைக்கும்போதே தெரிந்துவிடும். இன்றோ திராட்சை, தர்ப்பூசணி, மாம்பழம் என்று பழக்கடை வாசனையோடு வருகிறது. அதிகாலையில் பெரட்டுக்குப் போய், செம்பனைக் குலைகளோடு போராடி, களைத்துத் திரும்பும் பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 13 முதல் 17 வயது மாணவர்களிடையே வேப் பிடிப்போர் 2017இல் 9.8 விழுக்காடு. 2022இல் 14.9 விழுக்காடு. அதாவது 35 பேர் உள்ள வகுப்பில் ஐவர். இதே காலத்தில் சிகரெட் பிடிக்கும் மாணவர்கள் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2 ஆகக் குறைந்தார்கள் என்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி அரைகுறையானது.

நம் ஜொகூரில் 2016 ஜனவரி முதல் வேப் விற்பனைக்குத் தடை உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது நாடு முழுவதும் குற்றம். ஆனால் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினால் சரக்கு கைக்கு வந்துவிடுகிறது.

நிக்கோட்டினே பிள்ளைகளை அடிமையாக்கப் போதும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தத் திரவத்தில் இரகசியமாகக் கலக்கப்படும் செயற்கைப் போதைப்பொருள். கஞ்சாவைப் போல் மூளையைத் தாக்கும் இரசாயனங்கள் சில வேப்களில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் எத்தோமிடேட் என்ற மருந்து கலந்த வேப் பரவியது. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கம் தர ஊசி வழியே செலுத்தும் மருந்து அது! 2025 செப்டம்பர் 1 முதல் அந்நாடு அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. எந்தத் திரவத்தில் எது கலந்திருக்கிறது என்று பார்த்தோ முகர்ந்தோ சொல்ல முடியாது. வாங்குகிற பையனுக்கும் தெரியாது.

பிள்ளை நடக்கும்போது தள்ளாடுகிறானா, கை நடுங்குகிறதா, கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கிறானா, பள்ளிச் செலவுக்கென்று அடிக்கடி பணம் கேட்கிறானா என்று கவனியுங்கள். இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். காய்ச்சலில்கூடக் கை நடுங்கும். ஆகவே முதலில் விசாரியுங்கள். மயங்கி விழுந்தால் 999க்கு அழையுங்கள். அந்தச் சாதனத்தை வீசிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் எதற்கென்று வைத்தியம் பார்ப்பார்?

வெட்கத்தோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. 1983 பிப்ரவரி 19இல் பிரதமர் மகாதீர் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். அந்த நாட்களில் வளர்ந்த நமக்குப் போதை என்றாலே தூக்குக்கயிறுதான் நினைவில் நிற்கிறது. வெளியே சொன்னால் பையனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். கடத்துபவனுக்குச் சட்டம் கடுமையானதுதான். ஆனால் அதே 1983இல் வந்த இன்னொரு சட்டம், போதைப்பித்தரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் உரியது. தாமாக முன்வந்து சிகிச்சை கேட்க அதில் இடமுண்டு. வயது குறைந்த பிள்ளையைப் பெற்றோரே ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லலாம். தொடக்கத்திலேயே போவதும், பிடிபட்ட பிறகு போவதும் ஒன்றல்ல.

குளுவாங் பையனின் அப்பா முதலில் இடைவாரைக் கழற்றினார். பையன் இரண்டு இரவுகள் வீட்டுக்கு வரவில்லை. அந்த அப்பாவும் சிகரெட் பிடிப்பவர்தான், "நீங்க மட்டும்?" என்று பையன் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. மூன்றாம் நாள் அம்மாதான் கூட்டாளி வீட்டுக்குப் போய்ப் பையனை அழைத்து வந்தார். யாரிடம் வாங்கினாய் என்று கேட்கவில்லை. முதலில் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவனே பேசினானாம். மறுநாள் ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று, பெற்றோர் இருவரும் அவனோடு பள்ளிக்குச் சென்று ஆலோசக ஆசிரியரைப் பார்த்தார்கள். நாம் சந்தித்தபோது வாரம் ஒருமுறை அவரிடம் போய்க்கொண்டிருந்தான். முற்றாக விட்டுவிட்டானா என்று கேட்டோம். "இன்னும் இல்லீங்க. ஆனா இப்ப எங்கிட்ட மறைக்கிறதில்ல" என்றார் அம்மா.